எடை மேடை

பரதராமி தாண்டியதும் கைபேசி
ஆந்திரத்துக்கு வரவேற்கிறது.
டீ குடிக்க இந்தப்பக்கம் வந்தால்
தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறது.
பதினொரு வாரமாக
நாளைக்கு நாலுமுறை வரவேற்கப்படுகிறவள் நான்.

மாங்கூழ் ஆலை. கிளிமூக்கு சீசன்.
டிராக்டர்கள் குடியாத்தம் சாலைவரை நிற்கின்றன.
எத்தனை மணிநேரம் நிற்கின்றன என்று எழுதுவது என் வேலை.
முதல் வாரம், சராசரி இருபத்திரண்டு.
வெயிலில் வெந்த பழத்தின் வாசம்
என் லாட்ஜ் தலையணையிலும்.

முதலாளி கோவர்தன நாயுடு என் அப்பா வயதுக்காரர்.
நான் நுழைந்தால் எழுந்து நிற்கிறார்.
விசிட்டிங் கார்டின் மேல்மூலையில் இருக்கும்
பெயருக்குத்தான் நிற்கிறார், தெரியும்.
இருந்தாலும் நிற்கிறார் இல்லையா.
இருபத்தேழு வருஷத்தில் எங்கள் தெருவில்
ஒரு நாற்காலிகூட எனக்காக அசைந்ததில்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன்.
தம்பியின் கல்விக்கடன் பதினாறு மாதத்தில் தீர்ந்தது.
அம்மாவின் முழங்கால் இரண்டும் கம்பெனி இன்சூரன்ஸ்.
அவள் ஏறும் ஒவ்வொரு மாடிப்படியும்
என் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சிமெண்ட் தெரியும், ஆஸ்பத்திரிக் கட்டில் கணக்கு தெரியும்,
இப்போது மாம்பழம்.
குளத்தில் கணுக்கால்வரை இறங்கிவிட்டு
நீச்சலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுகிறவர்கள் நாங்கள்.

ரிஸ்வானா, ஆம்பூர்க்காரி, போன வருஷம் சேர்ந்தவள்,
இரவு ஒன்றரைக்கு ஒரு நீலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.
இந்த நீலம் சோகமாக இருக்கிறதாம்,
மும்பையிலிருந்து பார்ட்னர் சொன்னார்.
சிரித்தோம்.
சிரித்து முடித்து மாற்றினோம்.

டோக்கன் முறை எங்கள் யோசனை.
எட்டாவது வாரம் காத்திருப்பு ஐந்து மணிநேரம்.
பெனுமூர்க்காரர் ஒருவர் காலி வண்டியைத் திருப்பியபடி
"பொழுதோட வீட்டுக்குப் போறேம்மா" என்றார்.
அன்று மத்தியானம் மெஸ்ஸில்
இரண்டாம்முறை சோறு கேட்டு வாங்கினேன்.

அதே கோப்பில் முப்பத்தோராம் பக்கம்:
இரவு ஷிப்ட், தரம் பிரிப்பு, நாற்பத்திரண்டு.
பெண்கள் என்று போடவில்லை.
ஒரு அம்பு, கீழ்நோக்கி, பச்சை நிறத்தில்.
பச்சை என்றால் நல்லது.
வரைந்தது நான்.

முனிலட்சுமி அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி.
கன்வேயர் பக்கம் நான் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றபோது
பாதித் தெலுங்கில் கேட்டாள்,
"இங்கயே இருப்பியா?"
இல்லை, வெள்ளிக்கிழமையோட சரி.
"அப்புறம்?"
வேற கம்பெனி, வேற ஊர்.
ஒண்ணும் வரலைன்னா கொஞ்சநாள் உட்கார வைப்பாங்க.
அப்புறம் போகச் சொல்லிடுவாங்க.
அழுகல் ஒன்றைப் பார்க்காமலே எடுத்து எறிந்துவிட்டு
"ஓ, நீயும் சீசன் ஆளு" என்றாள்.
வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த ஒரு பழத்துக்கு ஒன்பது வினாடி
என்று எழுதவேண்டி வந்தது.

கடைசி நாள், எடை மேடையில்
தேசப்பன் விளையாட்டாக என்னை ஏறச் சொன்னார்.
லேப்டாப் பையோடு, அறுபது.
பையை இறக்கிவைத்துவிட்டு, அறுபது.
"இருபது இருபதாத்தான் மேடம் இது பேசும்.
நடுவுல இருக்கறது இதுக்குத் தெரியாது."
சீட்டுகூட அச்சடித்துத் தந்தார்:
வந்த எடை, போன எடை, சரக்கு.
சரக்கு பூஜ்யம்.

காட்பாடியில் ரயில் ஏறி
சீட்டின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டேன்,
இருக்கலாம் என்பதற்கு ஒரு பக்கம்
விடலாம் என்பதற்கு ஒரு பக்கம்.
இன்சூரன்ஸ் என்று எழுதினேன்.
முப்பத்தொன்று என்று எழுதினேன்.
எந்தப் பக்கம் என்று
பெட்டி ஆடிய ஆட்டத்தில் தெரியவில்லை.

அரக்கோணத்துக்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது.
கொச்சி. இறால் பதனிடும் ஆலை. பதினொரு வாரம்.
இறாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
ஓடு உரிக்க எத்தனை வினாடி,
ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும், உரிப்பவர்கள் எத்தனை பேர்,
கேள்விகளை எழுதத் தொடங்கியிருந்தேன்,
கொஞ்சம் சந்தோஷமாகவே,
கோட்டின் இரண்டு பக்கமும்.